பரிசீலிக்கச் சொன்ன உத்தரவும் ஒற்றை வரிப் பதிலும்

வாசகர் கேள்வி: வணக்கம் சார். எங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாயை மேலப்பக்கம் நிலம் வைத்திருப்பவர் மண் போட்டு மூடி, அதன்மேல் கொட்டகையும் கட்டிவிட்டார். ஆறு வருஷமாகத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்துக் களைத்துப்போய், கடைசியில் மதுரை ஐகோர்ட்டுக்குப் போனோம். 2024 ஆகஸ்டில், 'மனுதாரரின் மனுவைத் தகுதியின் அடிப்படையிலும் சட்டப்படியும் பரிசீலித்து, இந்த உத்தரவின் நகல் கிடைத்த 12 வாரத்துக்குள் உரிய ஆணை பிறப்பிக்க வேண்டும்' என்று தாசில்தாருக்கு உத்தரவானது. ஜெயித்துவிட்டோம் என்று ஊரில் வெடி போட்டோம். செப்டம்பர் 10 அன்று நகல் தாலுகா ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை அட்டை இருக்கிறது. 2025 ஏப்ரலில் ஒரு கடிதம் வந்தது: 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல எனத் தெரிவிக்கப்படுகிறது.' அவ்வளவுதான். நேரில் போய்க் கேட்டால், 'கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது' என்கிறார்கள். கோர்ட் உத்தரவை மீறியவர் மேல் அவமதிப்பு வழக்குப் போட முடியாதா? கலெக்டரைக் கோர்ட்டுக்கு வரவழைக்க முடியாதா? இப்படியே போனால் கோர்ட் எதற்கு?
– ஒரு விவசாயி, சிவகங்கை மாவட்டம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் அனுப்பிய உத்தரவின் கடைசிப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த உத்தரவு கால்வாயைத் திறக்கச் சொல்லவில்லை. ஆக்கிரமிப்பு இருக்கிறது என்றும் சொல்லவில்லை. உங்கள் மனுமேல் ஒரு முடிவெடுங்கள் என்று மட்டும் தாசில்தாரிடம் சொல்கிறது. 'தகுதியின் அடிப்படையில்', 'சட்டப்படி', 'உரிய ஆணை' என்ற சொற்கள் உங்களுக்குச் சாதகமாகவும் முடியலாம், பாதகமாகவும் முடியலாம். வெடி போட்ட அன்றைக்கே யாராவது உங்களை உட்கார வைத்து இந்தப் பத்தியை விளக்கியிருக்க வேண்டும். வழக்கறிஞர்கள் நாங்கள் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. உத்தரவு வந்துவிட்டது என்ற சேதியோடு நிறுத்திக்கொள்கிறோம். இது எங்கள் தொழிலில் உள்ள பெரிய குறை.

நீதிமன்றம் ஏன் இப்படி எழுதுகிறது என்று கேட்பீர்கள். அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் பெரிய அதிகாரம் உண்டு. ஆனாலும் கால்வாய் எந்தச் சர்வே எண்ணில் ஓடுகிறது, கொட்டகை அதற்குள் எத்தனை சென்ட் வந்திருக்கிறது என்பதெல்லாம் சங்கிலி பிடித்து அளந்து பார்க்க வேண்டிய விஷயங்கள். அந்த வேலையைச் சட்டம் வருவாய்த் துறையிடம் கொடுத்திருக்கிறது. அதனால் நீதிமன்றம் அதிகாரியின் நாற்காலியில் தான் உட்காராமல், அதிகாரியை வேலை செய்ய வைக்கிறது. இதில் தவறில்லை. ஆனால் எதைப் பார்த்து, எதை அளந்து, எந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும் என்று குறிப்பிடாமல் வெறுமனே 'பரிசீலிக்கவும்' என்று முடித்துவிட்டால், மனு போட்டவர் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறார். இப்படித் தெளிவில்லாமல் 'பரிசீலிக்க' உத்தரவிடுவதால் வரும் குழப்பத்தை 2006-இல் ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றமே எடுத்துச் சொல்லியிருக்கிறது. அப்படியும் இத்தகைய உத்தரவுகள் இன்றுவரை குறையவில்லை.

சரி, அவமதிப்பு வழக்குக்கு வருவோம். 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி, உத்தரவை வேண்டுமென்றே மீறினால்தான் உரிமையியல் அவமதிப்பு. உங்கள் விஷயத்தில் கெடுவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். செப்டம்பர் 10-லிருந்து 12 வாரம் என்றால் 2024 டிசம்பர் 3. அன்றைக்குள் ஆணை வந்திருக்க வேண்டும், வரவில்லை. டிசம்பர் 4 முதல் ஏப்ரல் வரை மீறல் இருந்தது உண்மை. அந்த நான்கு மாதத்துக்குள் அவமதிப்பு மனு போட்டிருந்தால் நோட்டீஸ் போன வேகத்திலேயே ஏதோ ஓர் ஆணை வந்திருக்கும். இப்போது, தாமதமாக என்றாலும், ஒரு பதில் வந்துவிட்டது. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பிரமாணப் பத்திரம் போட்டால், நீதிமன்றம் பெரும்பாலும் அதை ஏற்று மனுவை முடித்துவைத்துவிடும்.

பதில் தப்பாக இருக்கிறதே, அதுவும் மீறல்தானே என்று கேட்கலாம். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். 1996-இல் ஜே.எஸ்.பரிஹார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லிவிட்டது. ராஜஸ்தானில் ஒரு துறையின் பணிமூப்புப் பட்டியலைத் திருத்தச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அரசு ஒரு பட்டியலைத் தயாரித்தது. அது உத்தரவின்படி இல்லை என்று அவமதிப்பு வழக்கு. நீதிமன்றம் சொன்னதன் பேரில் ஓர் ஆணை பிறந்துவிட்டால், அந்த ஆணை சரியா தப்பா என்பது புதிய வழக்குக்கான காரணம்; அவமதிப்பு வழக்குக்குள் அதை ஆராய முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. ஒற்றை வரிக் கடிதத்தைப் பரிசீலனை என்றே சொல்ல முடியாது, அதனால் மீறல் இன்னமும் தொடர்கிறது என்று வாதிடும் வழக்கறிஞர்கள் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் உங்கள் காசையும் காலத்தையும் முதலில் அதில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதைவிடப் பலமான வழி ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது.

அந்த ஒற்றை வரிக் கடிதம்தான் அது.

காரணம் சொல்லாத ஆணை நீதிமன்றத்தில் நிற்காது. 1990-இல் எஸ்.என்.முகர்ஜி வழக்கிலும் 2010-இல் கிராந்தி அசோசியேட்ஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியிருக்கிறது. ஒருவருடைய உரிமையைப் பாதிக்கும் முடிவை எடுப்பவர் ஏன் அப்படி முடிவெடுத்தார் என்று எழுதியாக வேண்டும். எழுதினால்தான் அவர் யோசித்தாரா, இல்லை யாரோ சொன்னதைக் கேட்டாரா என்று பார்க்க முடியும்.

அப்புறம், வழக்குப் போட்டபிறகு, 'நேரில் ஆய்வு செய்தோம், அங்கே கால்வாயே இல்லை' என்று எதிர்மனுவில் புதிதாகக் காரணம் அடுக்குவார்கள். அதற்கும் இடமில்லை. 1977-ஆம் ஆண்டுத் தேர்தலில் பஞ்சாபின் ஃபெரோஸ்பூர் தொகுதியில் வாக்குச்சீட்டுகள் அழிக்கப்பட்டதால் தொகுதி முழுவதற்கும் மறுவாக்குப் பதிவுக்குத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. அதை எதிர்த்து வந்ததுதான் மொஹிந்தர் சிங் கில் வழக்கு. அதில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதினார்: ஓர் ஆணையை அதில் சொல்லப்பட்ட காரணங்களை வைத்துத்தான் எடைபோட வேண்டும், பின்னால் பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்த்து அதற்கு முட்டுக்கொடுக்கக் கூடாது. நாள்பட நாள்பட மது மெருகேறலாம், ஆணைகள் மெருகேறுவதில்லை என்றும் சொன்னார். உங்கள் கடிதத்தில் காரணம் என்று ஒன்றுகூட இல்லை.

ஆனால் வழக்குப் போடுவதற்கு முன்னால் கோப்பைப் பாருங்கள். இந்த ஒரு வேலையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தகவல் உரிமைச் சட்டம் நகல் கேட்க மட்டும் அல்ல, கோப்பை நேரில் புரட்டிப் பார்க்கவும் உரிமை தருகிறது. தாலுகா அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உங்கள் மனு தொடர்பான நடப்புக் கோப்பு (கடிதங்களும் அறிக்கைகளும் உள்ளது), குறிப்புக் கோப்பு (அதிகாரிகள் தங்கள் கருத்தை எழுதுவது) இரண்டையும் பார்வையிட வேண்டும் என்று எழுதுங்கள். குறிப்புக் கோப்பை மறக்காமல் கேளுங்கள். கீழே இருப்பவர் என்ன எழுதினார், மேலே இருப்பவர் எங்கே அடித்தார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. காரணமில்லாமல் இழுத்தடிக்கும் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

சில வருஷங்களுக்கு முன் இதேபோல ஓர் ஓடை விவகாரத்தில் என்னிடம் ஒரு பெரியவர் வந்தார். அவருக்கும் 'ஏற்க இயலாது' என்றுதான் பதில். கோப்பைப் பார்க்க அவரோடு நானும் போனேன். நூல் கட்டிய கோப்பில் பதினோராவது பக்கத்தில் குறுவட்ட நில அளவர் வரைந்த படம் இருந்தது. பென்சிலில் ஓடை, அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கட்டம், ஓரத்தில் சின்ன எழுத்தில் 'ஆ.மி. 7 சென்ட்'. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அளந்திருக்கிறார்கள், ஆக்கிரமிப்பு என்று எழுதியும் இருக்கிறார்கள். அதற்கு இரண்டு பக்கம் தள்ளி, எந்தக் காரணமும் இல்லாமல் 'நிராகரிக்கலாம்' என்று ஒரு குறிப்பு. அந்த இரண்டு பக்கத்தின் நகலை இணைத்துப் போட்ட வழக்கு இரண்டாவது வாய்தாவிலேயே முடிந்தது. உங்கள் கோப்பிலும் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) அறிக்கை, ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) அறிக்கை, அளவர் படம் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பொக்கிஷம். இல்லையென்றாலும் நல்லதுதான், அளக்காமலே 'பரிசீலிக்கப்பட்டது' என்று எழுதியதற்கு அந்தக் காலிக் கோப்பே சாட்சி.

கூடவே கால்வாயின் புலப்படமும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்), எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டுப் பகுதியும் எடுத்துக்கொள்ளுங்கள். அ-பதிவேட்டில் 'வாய்க்கால்' என்றோ 'ஓடை' என்றோ புறம்போக்காகப் பதிவாகியிருக்கிறதா என்பதுதான் முழு வழக்கின் அஸ்திவாரம். எதிர்த்தரப்பு பி-மெமோ ரசீதைக் காட்டி 'நான் அரசுக்குப் பணம் கட்டுகிறேன்' என்று சொல்லலாம். பயப்படாதீர்கள். பி-மெமோ என்பதே ஆக்கிரமிப்பைக் கண்டுபிடித்துப் போடும் பதிவு. அது அவருக்கு உரிமை தராது, உங்களுக்குத்தான் ஆதாரம்.

அடுத்து, 'சுப்ரீம் கோர்ட்டே இடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது' என்ற பேச்சு. அது 2024 நவம்பர் 13 தீர்ப்பைப் பற்றியது. குற்றம் சாட்டப்பட்டவர்களின் வீடுகளைப் புல்டோசர் வைத்து இடித்ததை எதிர்த்து வந்த வழக்குகளில் நீதிபதிகள் பி.ஆர்.கவாய், கே.வி.விஸ்வநாதன் கொடுத்த தீர்ப்பு அது. 15 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் இடிக்கக் கூடாது, நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், மீறி இடித்தால் இடித்த அதிகாரியே தன் சொந்தப் பணத்தில் ஈடுசெய்ய வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. மிக நல்ல தீர்ப்பு. ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை ஆகியவற்றில் அனுமதியின்றிக் கட்டியவற்றுக்கு இந்த வழிமுறைகள் பொருந்தாது என்று அதே தீர்ப்பு தெளிவாக விலக்குக் கொடுத்திருக்கிறது. வரத்துக்கால்வாய் அடைபட்டால் கண்மாய் வெறும் பள்ளம்தான். அதனால் கால்வாயும் நீர்நிலையில் சேரும் என்பது நம்முடைய வாதம். அதற்காக, எதிரில் இருப்பவருக்கு நோட்டீஸே கொடுக்காமல் நாளைக்கே இடித்துத் தள்ளுங்கள் என்று நாம் கேட்கவும் கூடாது. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் 7-ஆவது பிரிவின்படி விளக்கம் கேட்டு நோட்டீஸ், அதன்பின் 6-ஆவது பிரிவின்படி வெளியேற்றம் என்று ஒழுங்கான வழி இருக்கிறது. உங்களுக்குக் காரணம் சொல்லாமல் மறுத்தது எவ்வளவு தப்போ, அவர் பக்கத்தைக் கேட்காமல் இடிப்பதும் அவ்வளவு தப்பு.

நீர்நிலை விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2005-இல் எல்.கிருஷ்ணன் வழக்கில், ஓர் ஓடைப் புறம்போக்கை முன்வைத்து, தமிழ்நாடு முழுக்க நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்ற நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அதன்பிறகுதான் 2007-இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச்சட்டமே வந்தது. 2011-இல் பஞ்சாபின் ஒரு கிராமத்துக் குளம் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொது நிலங்களை மீட்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒன்றை மட்டும் விசாரித்து வையுங்கள். உங்கள் கண்மாய் பொதுப்பணித் துறைக் (2021 முதல் நீர்வளத் துறை) கண்மாயா, ஊராட்சி ஒன்றியக் கண்மாயா? வழக்கமாக 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ளவை ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கும். 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுப்பணித் துறையின் பராமரிப்பில் உள்ளவற்றுக்கானது. இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் ஒரு துறை இன்னொரு துறையைக் கைகாட்டிவிடும்.

ஆகவே புதிய ரிட் மனு போடுங்கள். நம் உயர் நீதிமன்றத்தில் செர்ஷியோரரிஃபைட் மாண்டமஸ் என்பார்கள். தப்பான ஆணையை ரத்துசெய்து, செய்ய வேண்டியதைச் செய்யச் சொல்லும் மனு. கோரிக்கையை இந்தத் தடவை இறுக்கமாக எழுதச் சொல்லுங்கள். ஏப்ரல் கடிதத்தை ரத்துசெய்ய வேண்டும். இரு தரப்புக்கும் தேதி சொல்லிவிட்டு இன்ன சர்வே எண்ணை அளக்க வேண்டும். ஆக்கிரமிப்பு எத்தனை சென்ட் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். இருந்தால் 7-ஆவது பிரிவு நோட்டீஸிலிருந்து அகற்றுவது வரை இத்தனை வாரம் என்று கெடு வேண்டும். நிறைவேற்றிய அறிக்கையைத் தாக்கல்செய்ய வழக்கை மறுபடி பட்டியலிட வேண்டும் என்றும் கேளுங்கள். வினீத் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவோடு விடாமல் கடைசிவரை கண்காணித்ததே, அந்த முறை. கொட்டகை கட்டியவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். அவரைக் கேட்காமல் பெறும் உத்தரவு பின்னால் உடையும்.

கலெக்டரை வரவழைப்பது பற்றிக் கேட்டீர்கள். எடுத்ததும் அதிகாரிகளை நேரில் வரச் சொல்லும் பழக்கம் கூடாது என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் நடைமுறை வகுத்திருக்கிறது. தேவைப்பட்டால் முதலில் காணொளி மூலம் வரச் சொல்லலாம். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கலெக்டர் ஒருநாள் கோர்ட்டில் நின்றால் உங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வராது.

அதற்காக அதிகாரிகளுக்குத் தனிப்பட்ட பொறுப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆந்திராவின் குண்டூரில் ஒரு தாசில்தார், உயர் நீதிமன்ற உத்தரவு இருந்தும், 2014 ஜனவரியில் ஏழைகளின் குடிசைகளை அகற்றினார். பின்னாளில் துணை ஆட்சியராகப் பதவி உயர்ந்தார். உயர் நீதிமன்றம் அவருக்கு இரண்டு மாதச் சிறை விதித்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தச் சிறைக்குப் பதிலாக அவரைத் திரும்பவும் தாசில்தாராகப் பதவி இறக்கி, ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் கட்டச் சொன்னது. பதினோரு வருஷம் கழித்தும் அந்த உத்தரவு அவரை விடவில்லை. அதேபோல 1993-இல் லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில், பொதுமக்களை அலைக்கழித்ததற்கான இழப்பீட்டை அரசுக் கஜானாவிலிருந்து கொடுத்தாலும், பொறுப்பான அதிகாரியிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கோப்பில் அளவர் படத்தை மறைத்துவிட்டுத்தான் மறுத்தார்கள் என்று தெரிய வந்தால், செலவுத்தொகையை அந்த அதிகாரியே கட்ட வேண்டும் என்றும் புதிய மனுவில் கேளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். அவமதிப்பு மனுவுக்கு மீறல் நடந்த நாளிலிருந்து ஒரு வருஷம்தான் கெடு. உங்கள் கணக்கில் அது 2025 டிசம்பர் தொடக்கத்தில் முடிகிறது. அது என் முதல் யோசனை இல்லை என்றாலும், உங்கள் வழக்கறிஞர் வேறு விதமாக நினைத்தால் தேதி கைநழுவக் கூடாது. இன்னொன்று, அவமதிப்பு என்பது பதவிமேல் வருவதல்ல, ஆள்மேல் வருவது. புதிய மனுவில் உத்தரவு வாங்கியபின் தாசில்தார் மாறிவிட்டால், வந்த புதியவருக்கும் நகலை ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். நகலை நேரில் கொடுத்துவிட்டு ரசீது வாங்காமல் வந்த ஒருவருக்காக நான் வாதாடித் தோற்றிருக்கிறேன். 'எனக்கு உத்தரவே வரவில்லை' என்று அதிகாரி சொன்ன ஒற்றைச் சொல்லுக்கு எதிராக எங்களிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நீங்கள் செப்டம்பர் 10 அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பதைப் பார்த்து எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

தகவல் உரிமை மனுவை இந்த வாரமே போட்டுவிடுங்கள். கோப்பைப் பார்க்கப் போகும்போது தனியாகப் போகாமல், சர்வே எண் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவரை ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு போங்கள். எந்தப் பக்கத்தின் நகல் வேண்டும் என்று பக்க எண்ணோடு அங்கேயே எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். நகல் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். மனுவின் கோரிக்கைப் பகுதியை நானே பார்த்துச் சொல்கிறேன்.